மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு காவல்

பணத்துக்குக் காவல் இருப்பவர்கள் ஊரெல்லாம் உண்டு. தூக்கத்துக்குக் காவல் இருந்த ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, எங்கள் 'உஷ்' அக்காதான். கலெக்டரே வந்தாலும் மத்தியானத்தில் எங்கள் மாடிப்படி ஏறினால் கிடைக்கும் வரவேற்பு ஒன்றுதான்: "உஷ்ஷ்!" அவருடைய அசல் பெயரைக் கேட்கக்கூட யாருக்கும் குரல் எழும்பியதில்லை.

காந்திபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல், பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்காக அரசாங்கப் பணத்தில் நடந்த சேவை மையம் அது. பரிசோதனை, ஆலோசனை, ரேஷன் கார்டு வாங்க உதவி எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரில் அறிக்கை அடிப்பது என் வேலை. மையத்தைப் பராமரிப்பது அக்காவின் வேலை. இரவெல்லாம் கண் விழித்த பெண்கள் பகலில் வந்து படுக்க ஓர் அறையும் இருந்தது. அரசாங்கம் அதைப் போகிற போக்கில் கொடுத்திருந்தது. அக்காவுக்கோ அந்த அறைதான் மையம், மற்றதெல்லாம் ஒட்டுத்திண்ணை மாதிரி.

நீலத்திரையை இழுத்துவிட்டால் அந்த அறை குளத்துக்கு அடியில் இருப்பது போலாகிவிடும். மின்விசிறி மெல்லச் சுற்ற, ஜமக்காளங்களில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அந்தியூர்க்காரி தூக்கத்தில் ஆடுகளைக் கூப்பிடுவாள். வால்பாறைக்காரி சித்திரை வெயிலில் "குளிருது" என்று போர்வை தேடுவாள். பார்த்துக்கொண்டே நின்றால் எனக்கும் கண் சொக்கும்.

தெருவில் மைக் வைத்து வெங்காயம் விற்றவரை அக்கா ஒரு நாள் மடக்கினார். "ஏனுங்க, வெங்காயம் விக்கறதுக்கு ஊரையே எழுப்போணுமா?" மறுநாளிலிருந்து அவர் எங்கள் தெருவை ஊமைபோலக் கடந்தார். தெருவே வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்தது.

இன்னொரு நாள் ஒரு பெண்ணைத் தேடி கான்ஸ்டபிள் ஏறி வந்தார். "தூங்கறவங்கள எழுப்புனா பாவமுங்க. பூட்ஸக் கழட்டிப்போட்டு உக்காருங்க" என்றார் அக்கா. மனிதர் உட்கார்ந்தார், டீ குடித்தார், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பூனைநடையில் இறங்கிப் போனார்.

அப்புறம் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். திரையை விலக்கிப் பார்த்தவருக்கு முகம் சுருங்கியது.

"இங்க சேவை நடக்கலை, தூக்கம்தான் நடக்குது. இந்த மாசத்தோட ரூமை மூடிடுங்க. அந்த வாடகைக்கு இன்னொரு ஆலோசகரைப் போடலாம். இப்ப யாரையாவது எழுப்புங்க, பேசணும்."

மூடிவிட்டால் இவர்கள் எங்கே போய்ப் படுப்பார்கள்?

"எழுப்ப முடியாதுங்க சார். எந்திரிச்ச அப்பறம் பேசுங்க" என்று அக்கா அவருக்கு டீயும் முறுக்கும் கொடுத்தார். அவர் ஒரு கடி கடித்ததும், "உஷ்ஷ்! ஊறவெச்சுச் சாப்புடுங்க!"

அதிகாரி டீயில் முறுக்கை ஊறவைத்துத் தின்றபடி காத்திருந்தார்.

சாயங்காலம் செல்விதான் முதலில் எழுந்தாள். மாதக்கணக்காக வந்தும் ஆலோசகரிடம் ஒரு வார்த்தை பேசாதவள். அதிகாரியைப் புதிதாக வேலைக்கு வந்தவர் என்று நினைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கண்ணா, எம்புள்ளையப் பள்ளிக்கோடத்துல சேத்தோணும். அப்பன் பேரு இல்லீனா சேத்திக்குவாங்களா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா பேரே போதும்மா. நானே போன் பண்ணிச் சொல்றேன்."

அடுத்து வால்பாறைக்காரி ரேஷன் கார்டு கேட்டாள். பிறகு இன்னொருத்தி, லாட்ஜில் அடித்தவன்மேல் எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்றாள். இருட்டும்வரை அவரை விடவில்லை.

போகும்போது அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "எங்க ஆளுங்க எவ்வளவு கேட்டும் வாயே திறக்காதவங்க. எப்படிம்மா?"

"தூக்கமில்லாமக் கண்ணு எரியறவகிட்ட என்னத்தக் கேட்டாலும், ஒண்ணுமில்லீங்கன்னுதான் சொல்லுவா. நானும் அந்தத் தொழில்ல கெடந்தவதானுங்க. கதவுக்கு வெளிய நமக்குன்னு ஒருத்தி உக்காந்திருக்கறான்னு நம்பித் தூங்கற தூக்கம் எனக்கு ஒரு நாளும் வாய்க்கலீங்க சார்."

அறையை மூடும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. மறுநாள் மத்தியானம் என் நாற்காலியை அறை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நான் பாத்துக்கறனுங்க்கா. நீங்க உள்ள போய்ப் படுங்க."

"சரி கண்ணு" என்று அக்கா உள்ளே போனார். அன்று சாயங்காலம்வரை நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.