லெஸ்லியைத் திங்கட்கிழமை ரயிலில் ஏற்றிவிடவும்

பாரிங்கல், விக்டோரியா
26 ஜூன் 1952

மெல்பர்னில் சௌக்கியமாக இருக்கும் என் அன்பு அக்கா வின்னிக்கு,

தம்பி ஹோரஸ் எழுதுவது. இங்கே நானும் மர்ட்டிலும் நாற்பத்திரண்டு மாடுகளும் நலம். அத்தானின் இடுப்புவலி இப்போது தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் லெஸ்லியைத் திங்கட்கிழமை ரயிலில் ஏற்றி அனுப்பிவிடு. இரண்டு மாதமாக உன் வீட்டில் தங்கி அந்த நகரத்து ஃபுட்பால் கிளப்பில் பயிற்சி எடுத்தது போதும். எங்கள் ஊர்க் கிளப் முப்பதாம் தேதிக்குள் 'இவனை விடுவிக்கிறோம்' என்று தாள் கொடுத்தால்தான் அவன் அங்கே ஆட முடியும். கொடுப்பதில்லை என்று செவ்வாய்க்கிழமை கமிட்டி முடிவு செய்துவிட்டது. கமிட்டியில் ஐந்து பேர். இரண்டு பேர் விடலாம் என்றார்கள். அதில் கிளாரி, லெஸ்லி போனால் தன் மகனுக்கு அந்த இடம் கிடைக்குமே என்று கை தூக்கினான், அது வேறு கதை. இரண்டு பேர் கூடாது என்றார்கள். மிச்சம் தலைவர். தலைவர் நான்தான்.

அக்கா, திட்டாதே. பன்னிரண்டு வருஷமாக வொங்கரா ஊர்க்காரன்களிடம் தோற்கிறோம். போன செப்டம்பரில் ஒரே ஒரு புள்ளியில் போச்சு! லெஸ்லி திரும்பி வந்தால் இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று நினைத்தேன், 'கூடாது' பக்கம் கை தானாகத் தூக்கிக்கொண்டது. "நீதாண்டா தலைவன்!" என்று முதுகில் தட்டினார்கள். வாசலில் கிளாரி பிடித்துக்கொண்டான். "பையனுக்கு இருபத்திமூணு ஆச்சு. அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்கன்னு நினைக்கிறியா?" வீட்டுக்கு வந்தால் மர்ட்டில் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு, "பெத்த புள்ளை பெருசா, பந்து பெருசா?" என்றாள். "ஊர் பெருசுடி." "அப்ப ஊரையே ஆக்கிப் போடச் சொல்லுங்க!" அன்றிலிருந்து எனக்கு ரொட்டியும் ஜாமும்தான்.

நான் அவன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? அங்கே ஒவ்வொருத்தனும் எருமை மாதிரி இருக்கான், முழங்கால் போச்சுன்னா அவன் வாழ்க்கை என்ன ஆகும்? ஆனால் இன்று காலை அவன் கடிதம் வந்தது. "அப்பா, தாள் வந்துட்டா அடுத்த சனிக்கிழமை ஆடுறேன். எட்டாம் நம்பர் சட்டை குடுத்திருக்காங்க. நீங்க வந்து பாக்கணும்." நாலு தடவை படித்துவிட்டேன். அக்கா, கமிட்டி மறுத்துவிட்டது என்று மட்டும் அவனிடம் சொல். யார் யார் கை தூக்கினார்கள் என்று சொல்லாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

அத்தானுக்கும் உன் கிளிக்கும் என் அன்பு. உங்கள் வீட்டில் ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி ஹோரஸ்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடுப்பில் போடு. நாளை ரயிலில் மர்ட்டில் செய்த பழக்கேக் வரும். டப்பாவில் கேக்குக்கு அடியில் அவனை விடுவிக்கும் அந்தத் தாள் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் அங்கே கிளப்பில் கொடுத்துவிட லெஸ்லியிடம் சொல். தலைவர் கையெழுத்து போட்டுவிட்டார். கமிட்டிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என்னை ஊரில் வைக்க மாட்டார்கள், அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், லெஸ்லி அறையில் இன்னொரு கட்டில் போட்டு வை. அந்த எட்டாம் நம்பரை நான் என் கண்ணால் பார்க்கணும்.