புற்றுநோயை விட்டவன் மாமாவுக்கு எழுதுவது

எனது இலக்கம்: வீடு/1
திருகோணமலை
12.08.1973

கிண்ணியா அப்துல் மஜீத் மாமா அவர்களுக்கு மருமகன் ஜவாஹிர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மேலே இலக்கம் போட்டதற்கு மன்னியுங்கள். மூன்று மாதங்களாக அலுவலகக் கடிதம் எழுதி எழுதிக் கை அப்படித்தான் தொடங்குகிறது.

என் வேலை என்னவென்று நேற்று எங்கள் வீட்டு விருந்தில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் தெளிவில்லை. நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் வாய்ப்புற்றுநோயை ஆராய்ந்தேன். இங்கே துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்களின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெற்றிலையை விடச் சொன்னேன். சதைத் துணுக்கைப் பெருப்பித்துப் பார்க்க நுணுக்குக்காட்டி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். விண்ணப்பம் மிக நன்றாக இருந்ததாம். நுணுக்குக்காட்டி வரவில்லை. அதற்காக என்னைப் பதவி உயர்த்தி ஆராய்ச்சி நிருவாகப் பிரிவுக்கு எடுத்துவிட்டார்கள். இப்போது மற்றவர்களின் விண்ணப்பங்களை வாசிக்கிறேன்.

இதை விளக்கத் தொடங்கினால், துறைமுகத்துச் சுஹைர் நானா, "அப்ப வாய் பாக்கிறவங்களுக்கு மேல நீங்க. எங்கட வாய இனி ஆர் பாக்கிற?" என்று கேட்கிறார், அதற்கு ஒருவரை நியமிக்கச் சிபாரிசு செய்யலாம் என்கிறேன், அவர் திறந்த வாயை மூடிக்கொள்கிறார், அதற்குள் உம்மா பதவி உயர்வுச் சந்தோசத்தில் வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து என் முன்னாலேயே வைக்கிறா, இரண்டு வருடமாக எனக்காக வெற்றிலையைத் தொடாத நீங்கள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வருகிறீர்கள்.

"என்ன மருமகன், புற்றுநோய விட்டுட்டீங்களாமே?"

"ஓம் மாமா. இப்ப நிருவாகம்."

"அப்ப நான் ஒண்டு போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். அப்போது கண்டேன். இடது கன்னத்தின் உட்புறம். வெள்ளைத் திட்டு, பயறளவு. அது இன்னும் என் வேலையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டாவது வெற்றிலையையும் மடித்தீர்கள்.

வெள்ளைத் திட்டெல்லாம் புற்றுநோய் அல்ல. சில ஆகும். ஆகவே இவ்வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல் வைத்தியரிடம் காட்டி, முடிவை எழுத்தில் அறியத்தரவும். என்னிடம் காட்ட வேண்டாம். எனக்கு இப்போது அந்த அதிகாரம் இல்லை. முன்பு இருந்ததா என்பதும் தெரியவில்லை.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நோயற்ற உடலும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
ஜவாஹிர்

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. காலையில் முதல் தோணியில் நானே கொண்டுவருகிறேன். வாசிக்க வேண்டாம். வாயைத் திறந்தால் போதும்.