மூடக்கூடாத பாட்டு

"மூடாதையும்!"

ஆழ்வாப்பிள்ளையர் போட்ட சத்தத்தில் மீனாம்பிகையின் கையிலிருந்த தேநீர் பாதி தரையில் சிந்திவிட்டது. மடிக்கணினியைச் சாத்திவிட்டு அதன்மேல் கோப்பையை வைக்கலாம் என்றுதான் அவர் நினைத்தார்.

"தேத்தண்ணி வைக்க இடமில்லை எண்டு உதைச் சாத்தப் பாத்தன். அதுக்கு ஏனப்பா உந்தக் கத்தல்?"

"சாத்தினால் பாட்டுப் போச்சு. பாட்டுப் போனால் ஐஞ்சாம் திருவிழா போச்சு. ஐஞ்சாம் திருவிழா போனால் பரம்பரை மானம் போச்சு!"

"தேத்தண்ணியும் ஆறிப் போச்சு," என்றார் மீனாம்பிகை.

உரும்பிராயில் அவர்களுடைய ஒழுங்கையிலுள்ள பிள்ளையார் கோயிலில் ஐந்தாம் நாள் நடக்கும் ஐந்தாம் திருவிழா, ஆழ்வாப்பிள்ளையரின் பாட்டனார் காலந்தொட்டு அந்தக் குடும்பத்தின் உபயம். நாலாம் திருவிழா எதிர்வீட்டு நமசிவாயத்தின் குடும்பத்துக்கு உரியது. நாலாம் திருவிழாவுக்கு இரண்டு கூட்டம் மேளம் வந்தால் ஐந்தாம் திருவிழாவுக்கு நாலு கூட்டம் வரும். இந்த வருடம் நமசிவாயம் கோயிற் கூட்டத்தில் எழுந்து, பிள்ளையாருக்குக் கனடாவில் பெரிய ஸ்ரூடியோவில் பாட்டுச் செய்விக்கப்போவதாக அறிவித்தார். சபை கைதட்டியது.

ஆழ்வாப்பிள்ளையரும் எழுந்தார். முப்பத்தாறு வருடம் தபாலதிபராக இருந்தவர். அவருடைய முதுகு கதிரையில் சாய்ந்ததை ஊரில் எவரும் கண்டதில்லை.

"எங்கடை பாட்டு எங்கடை வீட்டிலையே செய்யப்படும். பாடுறதும் நான், இசையும் நான். வெளிநாட்டுக் கை ஒண்டும் படாது."

சொன்ன பிறகுதான் எப்படிச் செய்வது என்று யோசித்தார். ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

மறுநாள் சந்தியில் கணினிக் கடை வைத்திருக்கும் நிவேதனாவிடம் போனார்.

"பிள்ளை, பாட்டுச் செய்யிற மென்பொருள் ஒண்டு வேணும். எனக்கில்லை, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு. ஆள் புதுசு."

"புது ஆளெண்டால் இது நல்லம், ஐயா. லேசு. சும்மாவும் கிடைக்கும்."

"சும்மாவோ? சாமிக்குச் சும்மா கிடைச்சதிலை திருவிழா செய்த குடும்பமில்லை எங்கடை… அவையின்ரை குடும்பம்."

"அப்ப இது. பெரிய ஆக்கள் பாவிக்கிறது. பூட்டு உடைச்ச கொப்பி ஒண்டு கிடக்கு, இஞ்சை எல்லாரும்…"

"களவோ!" ஆழ்வாப்பிள்ளையர் குடையைக் கையில் எடுத்துவிட்டார்.

"பொறுங்கோ ஐயா, முறையாயும் வாங்கலாம். வெளிநாட்டிலை இருக்கிற மகனிட்டைச் சொன்னால் பாங்க் காட் போட்டு ஒரு நிமிசத்திலை வாங்கித் தருவார்."

அதுதானே கூடாது! மகன் வாங்கினால் வெளிநாட்டுக் கை பட்டதாகிவிடும்.

நிவேதனா கொஞ்சம் யோசித்தாள். "பழகிப் பாக்கத் தாற கொப்பி இருக்கு. எல்லாம் செய்யலாம். ஆனால் செய்துபோட்டு மூடினால் திரும்பத் திறக்கேலாது. வாங்கினால்தான் திறக்கும்."

ஆழ்வாப்பிள்ளையரின் முகம் மலர்ந்தது. உழுது பார்த்துவிட்டு மாடு வாங்குவது மரியாதையான வழக்கந்தானே? திருவிழா முடிந்ததும் முறைப்படி வாங்கிவிடலாம்.

"மூடாமல் விட்டால் சரிதானே?"

"அப்பிடி விடத் தேவையில்லை ஐயா, மேலை மூலையிலை…"

"மூலை முடுக்கெல்லாம் எனக்குத் தெரியும் பிள்ளை. முப்பத்தாறு வருசம் தபால் கந்தோர் நடத்தினவன்."

"உங்களுக்கில்லை எண்டல்லோ சொன்னியள்?"

"அவருக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஆழ்வாப்பிள்ளையர் நடந்தார்.

அந்த மென்பொருளுக்குள் தவிலைத் தேடினார், இல்லை. ஆபிரிக்க மேளம் ஒன்று இருந்தது. தூரத்துச் சொந்தம் என்று அதை ஏற்றுக்கொண்டார். நாதஸ்வரத்துக்குப் பதிலாகக் கிடைத்த குழல் யானை பிளிறுவதுபோல் ஒலித்தது. பிள்ளையாருக்குப் பொருத்தம் என்று விட்டுவிட்டார். ஒன்பது நாள் பாடுபட்டுக் கடைசி அடியைப் பாடி முடித்த கையோடுதான் மீனாம்பிகை தேநீர் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் திறந்தபடியே இருந்தது. வீட்டுக்காரர் இருவரும் குசினிக் குந்தில் வைத்துச் சாப்பிட்டார்கள். கணினிக்குச் சூடேறியபோது வீட்டிலிருந்த ஒரே மின்விசிறி அதற்குப் போனது. சும்மா விட்டால் ஐந்து நிமிடத்தில் அது தானாக உறங்கியது. உறங்கினால் எழும்புமோ எழும்பாதோ என்ற பயத்தில், இருவரும் முறைவைத்து அதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பெத்த பிள்ளையளைக்கூட நான் இவ்வளவு தட்டேல்லை," என்றார் மீனாம்பிகை. "அதுகளாவது நித்திரை கொள்ளத் தட்டினது. இது கொள்ளாமலிருக்கத் தட்டுறது."

மூன்றாம் திருவிழாவன்று காலை, இரண்டு நாளைக்குப் பகலில் மின்சாரம் நிற்கும் என்று அறிவித்தார்கள். கணினியின் சொந்தப் பற்றறியோ பத்து நிமிடத்துக்கு மேல் மூச்சுப் பிடிக்காது. ஆழ்வாப்பிள்ளையர் வாழ்நாளில் முதன்முறையாக எதிர்வீட்டுப் படலையைத் திறந்தார். நமசிவாயத்தின் கார் முற்றத்தில் வாயைத் திறந்தபடி நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு வயர் யன்னல் வழியாக வீட்டுக்குள் போயிற்று.

"நமசிவாயம், ரெண்டு நாளைக்கு உம்முடைய கார்ப் பற்றறி வேணும்."

நமசிவாயம் அவசரமாக வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். "குறை நினைக்காதையுங்கோ அண்ணை. அது… வேலையாய் இருக்கு."

ஆழ்வாப்பிள்ளையர் முதுகு வளையாமல் திரும்பி வந்தார்.

"என்னவாம்?" என்றார் மீனாம்பிகை.

"கார்ப் பற்றறியிலை விசிறி சுத்தி மனிசன் சொகுசாய்ப் படுத்திருக்கிறார். கனடாக்காரர் பாட்டுச் செய்யேக்கை இவருக்கென்ன வேலை?"

மீனாம்பிகையின் தம்பி சிவகரனுடைய உழவு இயந்திரம் வெங்காயத் தோட்டத்தின் நடுவில் நின்றது. அதன் பற்றறியைக் கழற்றி, பற்றறி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி ஒன்றையும் பொருத்தினார்கள்.

"அத்தான், என்ரை உழவு?"

"பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்."

"அவர் உழமாட்டார் அத்தான்."

நாலாம் திருவிழா மாலையில் நமசிவாயத்தின் கனடாப் பாட்டு ஒலிபெருக்கியில் முழங்கியது. ஆழ்வாப்பிள்ளையர் வீட்டிலிருந்தே கேட்டார். கணினியைத் தட்டிக்கொண்டிருந்ததால் காதைப் பொத்த முடியவில்லை. குழல் அங்கேயும் கொஞ்சம் பிளிறியதுபோல் இருந்தது. கனடாவிலும் யானை இருக்குமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் திருவிழா வந்தது. கோயில் வீதிக்குள் வாகனம் வரக்கூடாது. ஆகவே சிவகரன் பற்றறியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினான். ஆழ்வாப்பிள்ளையர் பட்டு வேட்டி சால்வையோடு, பித்தளைத் தாம்பாளத்தில் பட்டு விரித்து, திறந்த மடிக்கணினியை ஏந்தி நடந்தார். மீனாம்பிகை பக்கத்தில் நடந்தபடி அதைத் தட்டிக்கொண்டு வந்தார். சனம் விலகி வழிவிட்டது. தாம்பாளத்தில் இருப்பது என்னவென்று தெரியாமலே சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஒலிபெருக்கிக்காரர் தேவராசா எதையும் கேட்கவில்லை. வயரைச் செருகினார். தீபாராதனை தொடங்க, பாட்டும் தொடங்கியது. ஆபிரிக்க மேளம் அதிர்ந்தது; யானை பிளிறியது; ஆழ்வாப்பிள்ளையரின் குரல் உரும்பிராய் எங்கும் பரந்தது. கடைசி அடி முடிந்தது. ஐயர் திரைச்சீலையை இழுத்தார்.

"மூடாதையும்!" என்று எட்டு ஒலிபெருக்கியும் ஒன்றாக முழங்கின.

ஐயரின் கை அப்படியே நின்றது. அன்று பாடி முடித்ததும் பதிவை நிறுத்தும் பொத்தானை உடனே அழுத்தவில்லை என்பது ஆழ்வாப்பிள்ளையருக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயர் திரையைத் திரும்பவும் திறந்தார். விளக்கொளியில் பிள்ளையார் மறுபடி காட்சி தந்தார்.

"அரோகரா!" என்று கோயிலே அதிர்ந்தது. எவருக்கோ உருவேறிச் சாமிகூட வந்துவிட்டது. தேத்தண்ணி ஆறிப்போன செய்தி ஊருக்குத் தெரியுமுன் தேவராசா சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

பூசை முடிந்ததும் நமசிவாயம் கிட்ட வந்தார். அவருடைய கண் தள்ளுவண்டியிலேயே நின்றது. "அண்ணை, இப்பிடி ஒரு காட்சி என்ரை நாளிலை கிடைக்கேல்லை."

"வீட்டிலை செய்த பாட்டு, நமசிவாயம். கனடாவிலை உது வராது."

நமசிவாயம் பஞ்சாமிர்தம் வாங்கப் போய்விட்டார். ஆழ்வாப்பிள்ளையர் சால்வையைச் சரிசெய்து, இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

தேவராசா வயரைக் கழற்றிச் சுற்றியபடி மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அடுத்த முறை உந்தப் பற்றறி, வண்டில் ஒண்டும் வேண்டாம், மேலை மூலையிலை இருக்கிற பொத்தானை அமத்தினால் பாட்டைத் தனியாய் எடுத்துப் போனிலை அனுப்பலாம், அதுக்கு மென்பொருளை வாங்கவும் தேவையில்லை… நேற்று நமசிவாயம் ஐயாவும் தன்ரை கனடாப் பாட்டை உப்பிடித்தான் மூடாமல் தாம்பாளத்திலை தூக்கிக்கொண்டு வந்தவர், அவருக்கும் இதைத்தான் சொன்னனான்."