கடலே இல்லாத ஊரில் மூழ்கிய கப்பல்

பழைமையைக் காப்பாற்றுவதில் எங்கள் அப்பர் ப்ரோக்கில் ஊராரை மிஞ்ச இந்தப் பூமியில் ஆளில்லை. நம்பாதவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், என் கண்ணுகளா.

எங்கள் ஊர் ஹில்டா ப்ரீஸிடம் ஒரு மரக் களஞ்சியம் இருந்தது. நானூறு வருஷத்து ஓக் மரம். தூணும் உத்திரமும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் மர முளைதான். ஒரு தூணில் மட்டும் ஒரு துளை காலியாக இருந்தது. அதில் சாய்வாகச் செருகியிருந்த கட்டையை, வைக்கோல் வண்டிக்கு இடைஞ்சல் என்று யாரோ எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து களஞ்சியம் மேற்கே சாயத் தொடங்கியது.

பழைய கட்டடத்தைத் தொட வேண்டுமானால் "தொன்மைக் குழு" தலையசைக்க வேண்டும். மீறினால் வழக்கு. ஹில்டா குழுவின் முன் வந்து நின்றாள். தேநீர் ஊற்றும் உயர் பதவியில் நானும் அங்கே இருந்தேன்.

"அந்தத் துளையில ஒரு ஓக் கட்டைய செருகிக்கறேன் மேஜர். மார்ச்சுல ஆடுங்க குட்டி போடும். மழைக்கு ஒதுங்க அதுங்களுக்கு வேற எடம் இல்ல."

தலைவர் மேஜர் கிரம்ப்டன் கண்களை மூடித் திறந்தார்.

"ஹில்டா, அது துளை இல்லம்மா. பீரங்கி வெச்ச எடம். உன் களஞ்சியம் பூரா பழைய போர்க்கப்பல ஒடச்சு எடுத்த மரம்."

எங்கள் நாட்டில் எந்தப் பழைய களஞ்சியத்துக்குள் நுழைந்தாலும் ஒருவர் இதைச் சொல்லுவார். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். எந்தக் கப்பல் என்று கேட்பது நாகரிகமில்லை. ஹில்டாவுக்கு நாகரிகம் போதாது.

"எந்தக் கப்பலு? அந்த ஓட்டையில என் கையே முழுசா நுழையாது. பீரங்கி எப்படி நுழைஞ்சுது?"

"சின்னக் கப்பல்," என்றார் செயலாளர் மிஸ் பிலிப்பா.

"கடலு எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? உங்க தாத்தா தோள்ல தூக்கிட்டு வந்தாராக்கும்?"

"தேசபக்தி தூக்கிட்டு வந்துச்சு," என்றார் மேஜர், நெஞ்சில் கை வைத்து.

"சரி சாமி, வெளியிலேருந்தாவது ஒரு முட்டு குடுத்துக்கறேன். சாயுதுய்யா!"

"பாய் விரிச்ச கப்பல் சாஞ்சுதான் போகும். நிமித்தினா அதோட ஆன்மா போயிடும்."

ஹில்டா கேட்டது ஒரு முட்டுக்கட்டை. குழு அதைத் தாராளமாகவே போட்டது. கூடாது என்று ஐந்து கைகள் உயர்ந்தன. ஒன்று பிஸ்கட்டுக்காக உயர்ந்த கைதான். ஆனாலும் ஜனநாயகம் அதையும் சேர்த்துக்கொண்டது.

மார்ச் மாதம் காற்று வந்தது. உத்திரம் முனகுவதைக் கேட்ட ஹில்டா ஆடுகளை வெளியே விரட்டினாள். கடைசி ஆடு வாசலைத் தாண்டியதும் களஞ்சியம் மெல்ல முழங்கால் மடித்து உட்கார்ந்தது. ஆடுகள் திறந்த வயலில், கொட்டும் மழையில் குட்டி போட்டன. பாதிக் குட்டிகள் எழுந்து நிற்கவே இல்லை.

குழு முழுதாக வந்து சேர்ந்தது. மேஜரின் முகத்தில் அப்படி ஓர் ஒளி.

"பாத்தீங்களா! புயல்ல மூழ்கிடுச்சு! கப்பல்ங்கறதுக்கு இன்னும் என்ன ஆதாரம் வேணும்?"

ஹில்டா தன் கோட்டுக்குள் ஒரு குட்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இது சாகுது மேஜர்."

"கடல்னா உயிர்ச்சேதம் சகஜம்தாம்மா," என்று தொப்பியைக் கழற்றினார்.

விழுந்த மரங்களை இப்போது யாரும் தொடக்கூடாது. வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். பக்கத்தில் அழகான பித்தளைப் பலகை: "இவ்விடத்தில் ஒரு வீரக் கப்பல் மூழ்கியது."

யார் மூழ்கடித்தது என்பதை விட்டுவிட்டார்களே என்று நீங்கள் குறைப்பட வேண்டாம், செல்லங்களே. எங்கள் குழு எதையும் அரைகுறையாகச் செய்யாது. அதற்கு நேர் கீழே, தங்கள் ஐந்து பேரின் பெயர்களையும் ஆழமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.