எல்லை தாண்டிய மிக்சர்

“பிராந்திதானே?” என்றார் சோதனைச் சாவடிப் போலீஸ்காரர்.

“மருந்துங்கய்யா. குளிர்காய்ச்சல் மிக்சரு” என்றார் இளையபெருமாள்.

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பக்கம் காரைக்காலில் தெருவுக்குத் தெரு சாராயக்கடை, இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. காரைக்காலை அடுத்த நெடுங்காட்டு ஆள் ஒருவர் பிராந்தி பாட்டிலை மடியில் சொருகிக்கொண்டு வந்து மருந்து என்றால் யார் நம்புவார்கள்?

உண்மையில் அது மருந்துதான், பாவம். எல்லைக்கு இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட மகள் அஞ்சுகத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. மருந்துக்கடையில் சொன்ன விலை மாப்பிள்ளையின் ஒரு வாரக் கூலி. காரைக்கால் ஆஸ்பத்திரியில் இனாம். ஆனால் பாட்டில் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். சொட்டுக்கூடக் குடித்தறியாத மனிதர் பாட்டிலுக்கு எங்கே போவார்? மைத்துனன் காலிசெய்து போட்டதுதான் கிடைத்தது.

“லேபிளை ஏன் சுரண்டினே?”

“மருந்து பாட்டில்ல பிராந்தி லேபிள் இருந்தா நல்லாருக்காதுன்னுதாங்க...”

“ஓகோ!” போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “வாடையே வரலை. பலே ஆளுய்யா நீ!”

இளையபெருமாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார். கசப்பு உச்சந்தலைக்கு ஏறி முகம் அஷ்டகோணலானது.

“மூஞ்சியே சொல்லுதே, சரக்குன்னு!”

“நீங்களே குடிச்சுப் பாருங்கய்யா!”

குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அடப்பாவி, கலப்படம் வேறயா! எறங்கு கீழே!”

பஸ் போய்விட்டது. வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஆஸ்பத்திரியில் பாட்டிலில் ஒட்டியிருந்த அளவுக் காகிதத்தின்படி இரண்டு வேளை மருந்து குறைந்திருந்தது. இன்றைக்கு அஞ்சுகத்துக்குக் குளிர் வருகிற நாள். இளையபெருமாளுக்கு அழுகை முட்டியது.

சாவடிக்குள், வெயில் கொளுத்துகிற நேரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஏட்டு வைத்தியலிங்கம். பாட்டிலை வாங்கினார். காகிதத்தில் விரலை வைத்துப் பார்த்து, சரியாக ஒரு வேளை அளவு குடித்தார். முகம் கோணவே இல்லை.

“மருந்துதான்யா இது. அடுத்த பஸ்ஸுல இவரை ஏத்திவிடு” என்றார் போலீஸ்காரரிடம்.

இளையபெருமாள் பாட்டிலை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “புண்ணியமாப் போவுமுங்க. ஒரே மடக்குல எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

ஏட்டுக்குப் பல் தந்தியடித்தது. கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார்.

“அடுத்த தடவை வர்றப்ப எனக்கும் ஒரு பாட்டில் வாங்கியாங்க. கடையில வாங்க எனக்கும் கட்டுப்படியாவலை. நானே போயி வாங்கலாம்னா, போலீஸ்காரன் பாட்டிலும் கையுமா காரைக்கால்லேருந்து வந்தா, மருந்துன்னு எவன் நம்புவான்?”