இருபத்துநாலாவது ஜோடி

அன்பைவிட அதட்டலை அதிகமாகக் கொடுத்து என்னை ஆளாக்கிய என் அருமை அக்கா அவர்களுக்கு, உன் ஒரே தம்பியும் பள்ளிவாசல் நிர்வாகக் கமிட்டிச் செயலாளருமானவன் (இந்தக் கடிதத்தை முடிக்கும்வரை அந்தப் பதவி நிலைக்குமா என்பது சந்தேகம்) எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், என் மனைவி, மகள் மூவரும் இறைவன் கிருபையால் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூவரில் ஒருத்திக்கு ரத்தம் இல்லை, ஒருத்தி என்னோடு சரியாகப் பேசுவதில்லை, எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்றபடி நலம். நீயும் மச்சானும் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் போனை மச்சான்தான் எடுக்கிறார், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுகிறார். இது அவர் காதில் விழக்கூடிய விஷயம் இல்லை. என் மகள்கூட நாலு நாளாக உனக்குப் போன் போட்டபடியே இருக்கிறாள். மச்சான் குரல் கேட்டதும் "சும்மாதான் மாமா" என்று வைத்துவிடுகிறாள். அத்தை மேல் திடீரென்று அப்படி என்ன பாசமோ, எனக்கு விளங்கவில்லை. இருக்கிற கவலையில் அதை விசாரிக்க நேரமும் இல்லை.

போன மாதக் கடைசியில் நீ இங்கே ஒரு வாரம் தங்கியபோது சனிக்கிழமை பயானுக்குப் பள்ளிவாசல் மாடிக்குப் போனாயே, அந்த ஏற்பாடு முழுக்க என் மூளையில் உதித்தது என்று உனக்குத் தெரியும், நானே அன்றைக்கு மூன்று முறை சொன்னேன். கீழே இமாம் ஹஜ்ரத் மைக்கில் மார்க்கம் பேசுவார், அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போக மனமில்லாத ஆண்கள் அங்கேயே சுவரோரம் சாய்ந்திருப்பார்கள், மாடியில் பெண்கள் ஸ்பீக்கரில் கேட்பார்கள், சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதிக் கீழே அனுப்புவார்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதற்காக, எல்லாச் சீட்டையும் ஒரே ஆள், அதாவது என் மகள், காதில் கேட்டு எழுதித் தர வேண்டும், மேலே பிஸ்மில்லாஹ்வும் தேதியும் போட வேண்டும், கேட்டது யார் என்று எவரிடமும், பெற்ற தகப்பனிடம்கூட, வாய் திறக்கக் கூடாது, அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் என்று சட்டம் போட்டவன் நான். நான் மாடிக்குப் போக முடியாது அல்லவா, அதனால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் படிக்கட்டின் கீழே கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறேன். என் மனைவி, மகள் உட்பட எப்போதும் இருபத்துமூன்று ஜோடி. முப்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவனுக்கு இதெல்லாம் கை வந்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் உனக்கும் மற்றவர்களுக்கும் தெரியாத இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நம் ஹஜ்ரத் சின்ன வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவர் வந்த புதிதில் மாதவிலக்கு பற்றி ஒரு சீட்டு போய், படித்த மனிதருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. பதில் என்னவோ சரியாகத்தான் சொன்னார். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து சீட்டுகளை முதலில் நான் படிப்பேன். நோன்பு, தொழுகை, ஜகாத், மாமியார் போன்ற கண்ணியமான கேள்விகள் ஜிப்பாவின் வலது பையில். உடம்பு சம்பந்தமானவை இடது பையில். வலது பை ஹஜ்ரத்துக்குப் போகும். இடது பையைக் கிழித்துப் போட முடியாது, மேலே பிஸ்மில்லாஹ் இருக்கிறது, பாவம். ஆகவே வீட்டில் அலமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். தபால் நிலையத்தில் இருந்த காலத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் பிரித்துப் படித்ததில்லை, ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தியதில்லை. ஓய்வு பெற்றபிறகு இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை என்ன நடந்தது என்றால், டப்பா நிறைந்து மூடி எழும்பிவிட்டது. பள்ளிவாசலில் பழைய வேத ஏடுகளைப் பத்திரமாக அடக்கம் செய்ய ஒரு இடம் இருக்கிறதே, அங்கே சேர்த்துவிடலாம் என்று டப்பாச் சீட்டுகளைக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டேன். அன்றைக்கென்று பார்த்து என் ஜிப்பாக்களை மனைவி ஊறப் போட்டிருந்தாள். மருமகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய புதுச் சட்டையை மாட்டினேன். அதில் ஒரே ஒரு பை. பை ஒன்றுதானே என்று டப்பாக் கட்டையும், அன்றைக்கு மாடியிலிருந்து வந்த சீட்டுகளையும் அதிலேயே திணித்தேன். இதற்கு மேல் நான் சொல்லாமலே உனக்குப் புரிந்திருக்கும், நீ என்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவள்.

ஹஜ்ரத் முதல் சீட்டை மைக்கில் படித்தார். "குழந்தை பெற்று முப்பது நாள் ஆகிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. குழந்தையைத் தொடவும் பயமாக இருக்கிறது. இது ஈமான் குறைவா?" நான் கையைக் காட்டினேன், தொண்டையைச் செருமினேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காது சிவந்தது, ஆனால் குரல் நிதானமாக வந்தது. "இது ஈமான் குறைவு இல்லம்மா, உங்க இறைநம்பிக்கையில ஒரு குறையும் இல்ல. இது உடம்புக்கு வர்ற ஒரு நோவு. டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும். வீட்ல இருக்கிற ஆம்பளைங்க ராத்திரி குழந்தையைக் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கங்க" என்றார். சுவரில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது எப்படியும் பல் முளைத்திருக்கும் அக்கா. அடுத்து ஓதிய தண்ணீர் போதுமா, மாத்திரை வேண்டாமா என்று ஒன்று. அதற்கும் பதில் வந்தது. மூன்றாவதைப் பாதி படித்துவிட்டு நிறுத்தினார். பிறகு முழுதாகப் படித்தார்.

"எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. மூன்று மாதமாகிறது. வலி இல்லை, ஆனால் பெரிதாகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர்தான். பெண் டாக்டர் வரும்வரை பொறு என்கிறார் கணவர். ஆண் டாக்டரிடம் காட்டினால் பாவமா?"

"பாவமே இல்ல. உயிர்தான் முதல்ல. பெண் டாக்டர் கிடைக்கலன்னா ஆண் டாக்டர்கிட்ட நாளைக்கே காட்டுங்க. தடுக்கிறவங்கதான் அல்லாஹ்கிட்ட பதில் சொல்லணும்" என்ற ஹஜ்ரத், சீட்டின் மேல் பகுதியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "செயலாளர் பாய், இதுல தேதி மூணு வாரத்துக்கு முந்தி இருக்கு. இத்தனை நாள் இது எங்க இருந்துச்சு?" மைக் போட்டபடியே இருந்தது. எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. "பிஸ்கட் டப்பால" என்றேன். மாடியிலிருந்து ஒரு பெண் குரல், எந்த மைக்கும் இல்லாமல், தெளிவாகக் கேட்டது: "இன்னும் எத்தனை சீட்டு அந்த டப்பால இருக்கு?"

அந்தச் சீட்டை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை அக்கா. 'மார்பில்' என்ற சொல் வரை படித்தேன், அதற்கு மேல் படிப்பது மரியாதை இல்லை என்று மடித்துவிட்டேன். இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அதன் பிறகு ஊரில் நடந்ததைக் கேள். ஒவ்வொரு புருஷனும் வீட்டுக்கு ஓடி "நீயா?" என்று கேட்டிருக்கிறான். பள்ளிவாசல் தலைவரான மெத்தைக்கடைக்காரர் கேட்டதற்கு அவர் மனைவி, "முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் என் உடம்பப் பத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க, நானா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாராம். மனிதர் இரவெல்லாம் தன் கடை மெத்தையிலேயே புரண்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் பார்த்தால் எங்கள் ஜமாஅத் மொத்தமும் வரிசையில் நிற்கிறது. இங்கே பெண் டாக்டர் இருக்கிறார். இத்தனை நாள் அவரைத் தேடி ஒருவரும் போகவில்லை. நர்ஸம்மா பயந்துபோய், "ஏதாச்சும் கெட்டுப்போனதச் சாப்பிட்டுட்டீங்களா எல்லாரும்?" என்று கேட்டார். அவர் பெண்களைப் பார்த்து என்ன செய்கிறது என்று கேட்க, பக்கத்தில் நின்ற புருஷன்மார் "அவளுக்கு ஒண்ணுமில்ல, நல்லா சாப்பிடுறா" என்று பதில் சொல்ல, இரண்டு பேரோடு பொறுமை போய், "பதில் சொல்ற உடம்பெல்லாம் வெளிய போங்க" என்று எங்களை வராந்தாவுக்குத் துரத்திவிட்டார். அங்கே ஒரே ஒரு பெஞ்ச். அதில் தலைவர் மட்டும் உட்கார்ந்தார்.

இருபத்துமூன்று பேரையும் பார்த்தார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தைராய்டு, கர்ப்பப்பை இறக்கம் என்று ஆளுக்கொன்று சுமந்துகொண்டுதான் நடமாடியிருக்கிறார்கள். என் மனைவிக்கு ரத்தம் பாதிதான் இருக்கிறதாம். அடுப்படியில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். "ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னேன், சீட்டுல" என்றாள். அக்கா, எனக்கு அந்த வராந்தாவிலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் கட்டி யாருக்கும் இல்லை. இருபத்துமூன்று பேரில் ஒருத்திக்கும் இல்லை. எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத்தான் அப்போது பயம் அதிகமானது. சீட்டு பொய்யாக எழுதப்படவில்லை. அப்படியானால் அவள் எங்கே? வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினேன். அந்தத் தேதிக்கு நேரே என் கையாலேயே இருபத்துநாலு ஜோடி என்று எழுதியிருக்கிறேன். சீட்டிலும் 'எங்கள் ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர்தான்' என்று இருக்கிறது. ஆக, அவள் வெளியூர்க்காரி, யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி. சீட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். பதில் அவள் காதுக்குப் போகவே இல்லை. மகளைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன். "அமானிதம்னு நீங்கதானே வாப்பா சொன்னீங்க?" என்கிறாள். ஒன்று மட்டும் சொன்னாள்: "போய்க் காட்டுங்கன்னு நானும் சொன்னேன். ஹஜ்ரத் பதில் வரட்டும், அதை வெச்சு வீட்ல பேசுறேன்னாங்க." அதாவது அவள் எங்கேயோ உட்கார்ந்து என் பிஸ்கட் டப்பாவுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆனால் ஹஜ்ரத் சொன்ன அந்த 'தடுக்கிறவங்க' லிஸ்டில் புருஷனுக்கு முன்னால் என் பெயர் இருக்கும்.

உன்னிடம் கேட்பது இதுதான். அது நீ இங்கே இருந்த சனிக்கிழமை. நீயும் மாடியில்தான் உட்கார்ந்திருந்தாய். உன் கண்ணுக்குத் தப்பி ஒரு ஈ உள்ளே வர முடியாது. அன்றைக்கு மாடியில் புதுமுகமாக இருந்த அந்த வெளியூர்ப் பெண் யார்? யார் பக்கத்தில் உட்கார்ந்தாள்? நோயாளி மாதிரி யாராவது தெரிந்தார்களா? உனக்கு ஒரு தலைவலிகூட வந்து நான் பார்த்ததில்லை, ஆனால் மற்றவர் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் அளக்கிறவள் நீ. பதிலை மச்சானை விட்டு எழுதச் சொல்லாதே, நீயே எழுது.

மச்சானுக்கு என் சலாம். மார்க்கப் பேணுதலில் அவரைப்போல் ஒருவரைக் காண்பது அரிது. அவருக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் இருவருக்கும் குறையாத பரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. உன் துஆவில் என்னையும், என்னைவிட முக்கியமாக அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் திட்டுகளுக்குத் தகுதியான தம்பி.

பின்குறிப்பு: உறை மேல் முகவரி எழுத மகளிடம் கொடுத்தேன், அவள் கையெழுத்து அழகு என்று. "யாருக்கு வாப்பா?" என்றாள். "அத்தைக்குத்தான். அந்த வெளியூர்ப் பொம்பள யாருன்னு கேட்டு எழுதியிருக்கேன்" என்றேன். பேனாவை வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் யார் பேரையும் சொல்லல வாப்பா. ஆனா இதத் தபால்ல போடாதீங்க, மாமாதான் பிரிப்பாரு. நீங்களே கையில கொண்டு போங்க. உம்மாவயும் கூட்டிட்டுப் போங்க. இப்பவே போங்க" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன் அக்கா. இருபத்துமூன்று பேரோடு நீ இருபத்துநாலு. ஊரில் உள்ள விருந்தாளிகளை எல்லாம் தேடினேன், உன்னை எண்ணத் தோன்றவில்லை. ஒரு வாரம் என் வீட்டில் இருந்தாய், எனக்குச் சோறு போட்டாய், என்னிடம் சொல்ல உனக்கு ஒரு சீட்டு தேவைப்பட்டது. அதையும் நான் பாதி படித்து மடித்துவிட்டேன். மேலே எழுதிய எதற்கும் பதில் எழுத வேண்டாம். மச்சானுக்குச் சொன்ன சலாமை நிறுத்தி வைத்திருக்கிறேன், நேரில் பேசியபிறகு கொடுப்பதா என்று பார்க்கிறேன். உன் தம்பி மனைவி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள், வண்டி வந்துவிட்டது. இங்கே பெண் டாக்டரிடம் நாளைக் காலைக்குச் சொல்லியாகிவிட்டது. நீ இதைப் படிக்கும்போது நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். திட்டுவதை மட்டும் வண்டியில் ஏறியபிறகு வைத்துக்கொள் அக்கா.