மூக்கில் வாத்து இல்லை

ஒளித்து வரைவோர் என்றோர் இனம் உண்டு. இவர்கள் மரத்தை வரைந்தால் கிளைகளுக்கிடையே ஒரு மீசைக்காரர் முறைத்துக்கொண்டிருப்பார். வெறும் மேகத்தை வரைந்தாலும் அதற்குள் ஒரு குதிரை மல்லாந்து படுத்திருக்கும். நீங்கள் பாட்டுக்கு, "நல்ல மரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியுமா? விடமாட்டார்கள். தோளைப் பிடித்து நிறுத்தி, இரண்டடி பின்னே தள்ளி, ஒரு கண்ணை மூடச் செய்து, தலையைச் சாய்க்கச் சொல்லி, கழுத்துச் சுளுக்கப்போகும் தறுவாயில், "இன்னுமா தெரியல?" என்பார்கள். தெரிகிறது என்று பொய் சொல்லியும் தப்ப முடியாது.

"எங்க, தொட்டுக் காட்டுங்க."

நான் அறிந்த ஓவியர் ஒருவர் முப்பதாண்டுகளாக இப்படியே வரைந்தவர். அவருடைய மனைவி பதினொரு படங்களில் இருக்கிறார்: ஒன்றில் மலைமுகடாக, ஒன்றில் கொக்கின் சிறகாக, ஒன்றில் கவிழ்த்துப் போட்ட படகாக. தம் அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்த அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னை நானா மட்டும் வரைஞ்சு கொடுங்க. உள்ள எதையும் ஒளிக்காதீங்க."

ஓவியர் வாக்களித்தார்; மூன்று வாரம் கையை அடக்கி வரைந்தார். கம்மலுக்குள் ஒரு மீன் நுழையப் பார்த்தது, விரட்டினார். புருவத்தில் ஒரு முதலை புரண்டது; அழித்தார்.

பிறந்தநாளன்று உறவினர்கள் கூடினார்கள். படத்தை மூடியிருந்த துணி விலகியது. ஒருவராவது முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை பேரும் பழக்கதோஷத்தால் இரண்டடி பின்வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"அக்கா, உன் மூக்குல ஒரு வாத்து இருக்கு" என்றார் அம்மையாரின் தம்பி.

"வாத்தா? கண்ணாடியத் தொடைச்சிட்டுப் பாருங்க. அது கெட்டில்" என்றார் தம்பியின் மனைவி.

"ஒண்ணுமே இல்லைங்க, சத்தியமா" என்று கெஞ்சினார் ஓவியர்.

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க, மாமா. கடைசில ஒட்டகம் இருந்துச்சு" என்றார் தம்பி.

அம்மையார் மெல்லக் கேட்டார்: "நான் எங்கயாவது தெரியறேனா?"

ஓவியர் என்ன செய்தார் என்கிறீர்கள்? இரண்டடி பின்னே போனார். ஒரு கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, வாத்து இருக்கத்தான் செய்யுது."

அம்மையார் எழுந்தார், படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார், அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டுத் தாமே அமர்ந்தார்.

"இப்பப் பாருங்க. ரெண்டு கண்ணாலயும்."

ஓவியர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மோவாயில மச்சம் இருக்கே. வரைய விட்டுட்டேனே. எப்பலேருந்து இருக்கு?"

"பொறந்ததுலேருந்து."

சிரிக்கிறீர்கள், நன்று. ஆனால் இந்த ஓவியருக்குள் நான் யாரை ஒளித்து வைத்திருக்கிறேன், எதிர்வீட்டுக்காரரையா, உங்கள் மைத்துனரையா என்று இவ்வளவு நேரமும் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினீர்களே, அவர் யார்? சத்தியமாக ஒருவரையும் ஒளிக்கவில்லை. முதலில் தலையை நிமிர்த்துங்கள், கழுத்துச் சுளுக்கிக்கொள்ளப்போகிறது.